தினவாடகை வீடுகள்: வார்டு வேட்பாளர்கள் சொல்வதில் எது நடக்கும், எது வெறும் பேச்சு?

தோட்டப்பாளையத்தான் கேட்டது:

வேலூர் மாநகராட்சித் தேர்தல் பேச்சு தெருவுக்கு வந்துவிட்டது. 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டு வந்த மாமன்றத்தின் ஐந்து வருடக் கணக்கு முடிகிற கட்டம் என்பதால், நிற்கப்போகிறவர்கள் இப்போதே வீடு வீடாக வருகிறார்கள். எங்கள் பக்கம் எல்லாரும் எடுக்கிற விஷயம் ஒன்றுதான்: சிஎம்சி-க்கு வரும் நோயாளிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிற வீடுகள்.

ஒருவர், குடியிருப்புத் தெருவில் தினவாடகையே கூடாது, ஜெயித்தால் எல்லாவற்றையும் மூடுவேன் என்கிறார். இன்னொருவர் எல்லாரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஒரு ரூமுக்கு இவ்வளவுதான் என்று வாடகைக்கு உச்சவரம்பு வைப்பேன் என்கிறார். மூன்றாமவர், சொந்த வீட்டில் ரெண்டு ரூம் விட்டுப் பிழைக்கிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, வீட்டு வரி, வீட்டு கரண்ட் ரேட்டே போதும் என்கிறார்.

தெருவில் பிரச்சினை இருப்பது உண்மை. விடியற்காலை நாலு மணிக்கு காட்பாடி ரயிலில் இறங்கி வரும் ஆட்டோக்கள், குறுகிய சந்தில் தண்ணீர் லாரி, குப்பைப் பையில் ஊசி. ஆனால் கால் தெரு இந்த வருமானத்தில்தான் ஓடுகிறது. என் கேள்வி: இந்த மூன்றில் ஒரு கவுன்சிலரால், அல்லது மாமன்றத்தால், செய்ய முடிந்தது எது? இவர்களிடம் என்ன கேட்டால் விஷயம் தெரிந்தவரா என்று புரியும்? கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

---

வரிச்சீட்டு பதில்:

முதலில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதி வாக்குறுதி அங்கேயே உதிர்ந்துவிடும்.

மாநகராட்சி கையில் இருப்பவை: தொழில் உரிமம், அதற்கான கட்டணம், குப்பைக் கட்டணம், குடிநீர் மற்றும் பாதாளச் சாக்கடை இணைப்பு, சொத்துவரியில் கட்டடம் எந்த வகையில் பதிவாகிறது என்பது. இதிலும் மாமன்றம் தீர்மானம் போடும், உரிமம் கொடுப்பதும் நோட்டீஸ் விடுவதும் ஆணையர். 1998-ம் வருட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் கீழ் 2023-ல் வந்த விதிகளும்தான் அடிப்படை. அதைத் தாண்டி மாமன்றம் தன்னிச்சையாக விதி போட முடியாது.

மாநகராட்சி கையில் இல்லாதவை: மின்கட்டணம் (மின்சார ஒழுங்குமுறை ஆணையம்), ஜிஎஸ்டி, வெளிநாட்டவர் பதிவு (மத்திய உள்துறை), வாடகை அளவு.

வாடகை உச்சவரம்பு என்று சொல்பவரிடம் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். நியாய வாடகை நிர்ணயிக்கிற ஏற்பாடு 1960-ம் வருடச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ம் வருட வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) வாடகையை ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. நாள் கணக்கில் விடுகிற ரூமுக்கு அந்தச் சட்டத்தை இழுக்கவும் முடியாது. மாநகராட்சியால் ஆகக்கூடியது வேறு: உரிம நிபந்தனையாக, வாசலில் வாடகைப் பலகை வைக்கச் சொல்லலாம். நாளுக்கு எவ்வளவு, கூடுதல் ஆளுக்கு எவ்வளவு, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, அட்வான்ஸ் திரும்பும் விதம் என்று தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி மாட்டினாலே புரோக்கர் ஆட்டம் பாதி குறையும். உச்சவரம்பு பேசுகிறவர் இதைப் பேசினால் அவர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூடுவேன் என்பவர் கதை: உரிமம் இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுக்கலாம். கட்டட அனுமதி குடியிருப்புக்கு வாங்கிவிட்டு முழுக் கட்டடத்தையும் லாட்ஜ் ஆக்கியிருந்தால், 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தில் பூட்டி சீல் வைக்க இடம் உண்டு. அதெல்லாம் கட்டடம் கட்டடமாக, நோட்டீஸ், பதில், மேல்முறையீடு என்று போகிற வேலை. 'எல்லாவற்றையும்' ஒரே நாளில் மூடுகிற அதிகாரம் கவுன்சிலருக்கு இல்லை, மேயருக்கும் இல்லை.

மூன்றாமவர் சொல்கிற வீட்டு வரியில்தான் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். 2022 ஏப்ரல் சீரமைப்பில், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25%, 601 முதல் 1200 வரை 50%, 1201 முதல் 1800 வரை 75%, அதற்கு மேல் 100% உயர்த்தினார்கள். வணிகக் கட்டடத்துக்கு எந்த அளவானாலும் 100%. ஆக 900 சதுர அடி மாடி குடியிருப்பாகவே பதிவில் இருந்தால் பாதி உயர்வு, வணிகம் என்றால் இரட்டிப்பு. பழைய அடிப்படை ரேட்டே வணிகத்துக்கு அதிகம் என்பதால் வித்தியாசம் இன்னும் விரியும்.

இதில் வேட்பாளர்கள் யாரும் சொல்லாத விஷயம், ஒரே வீட்டில் மாடிவாரியாகப் பயன்பாட்டைப் பிரித்து மதிப்பிடலாம் என்பது. கீழே குடும்பம், மேலே ரெண்டு ரூம் என்றால் மேல்மாடி பரப்பு மட்டும் வணிகக் கணக்கில் போனால் போதும். பில் கலெக்டர் வந்து மொத்த வீட்டையும் வணிகம் என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில்தான் சண்டையே ஆரம்பிக்கிறது. மாடிவாரி அளவைக் கையில் வைத்துக்கொண்டு மறுமதிப்பீடு கேட்டு ஆணையருக்கு எழுத வேண்டும். அதுவரை வரியை நிறுத்தி வைக்காதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1% வட்டி ஓடும். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5% தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.

---

மூணுபேஸ் பதில்:

வரிச்சீட்டு சார் சொன்னதோடு கரண்ட் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'வீட்டு ரேட்டே போதும்' என்று கவுன்சிலர் சொன்னதை நம்பி யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

லாட்ஜ், தங்கும் விடுதி எல்லாம் வணிக டாரிஃப், அதாவது ஐந்தாம் வகை. வீட்டு இணைப்பில் இதை ஓட்டுவது மீட்டரைத் திருடுவது ஆகாது. ஆனால் 2003 மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவில் அங்கீகாரமில்லாத பயன்பாடு என்று வரும். அதற்குரிய வகையின் ரேட்டில் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று நிரூபிக்க முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. இறுதி உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் அப்பீல் போகலாம், ஆனால் மதிப்பிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஓட்டுக் கேட்டு வந்தவர் அந்தப் பாதியைக் கட்ட வரமாட்டார்.

செய்ய வேண்டியது சுலபம்: வாடகை மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கி அதை வணிக டாரிஃபில் போட்டுவிட்டால், கீழே குடும்பம் வீட்டு டாரிஃபிலேயே இருக்கும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் போகாது.

பணத்தை விட எனக்குப் பெரிய கவலை வயரிங். இங்கே வருகிற நோயாளிக் குடும்பங்கள் ரூமிலேயே சமைப்பார்கள். மீன் குழம்பு, சாதம், நோயாளிக்குக் கஞ்சி. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், 25 லிட்டர் கீசர் இன்னொரு 2,000 வாட். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியருக்கு மேல். சந்துகளில் உள்ள பழைய வீடுகளில் அந்த ரூமுக்கு வருவது 1.5 சதுர மி.மீ. வயரும் 6 ஆம்பியர் பாயிண்டும். முதலில் பிளக் பின் கருகும், பிறகு சாக்கெட் உருகும், மூணு பேஸ் வீட்டில் பொது நியூட்ரல் தளர்ந்தால் பக்கத்து ரூமுக்கு வோல்டேஜ் எகிறும். பழைய பீங்கான் கிட்கேட் பியூஸில் தடித்த கம்பி சுற்றி வைத்திருந்தால் பியூஸ் போகாது, வயர்தான் போகும்.

ஒரு ரூமுக்குக் குறைந்தபட்சம்: இண்டக்‌ஷனுக்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. வயரில் 16 ஆம்பியர் பாயிண்ட், கீசருக்கு 4 சதுர மி.மீ. வயர், இரண்டுக்கும் தனித்தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), மொத்தத்துக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு மின்சாரம் வந்தால் துண்டிப்பது), ஒழுங்கான எர்த். நாலு ரூம் என்றால் அடுப்பு மட்டுமே 8 கிலோவாட். சிங்கிள் பேஸ் தாங்காது, மூணு பேஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

கேஸ் வைத்திருந்தால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வாடகை ரூமில் வைப்பது விதிமீறல். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும். நோயாளியே வாங்குவதாக இருந்தால் அடையாள அட்டை காட்டி ஏஜென்சியில் 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், முகவரிச் சான்று தேவையில்லை. கடைகளில் குட்டி சிலிண்டரில் திருட்டுத்தனமாக நிரப்பித் தருவதைத்தான் ஒழிக்க வேண்டும். அதில் வால்வு சரியாக உட்காராது. கசிகிற கேஸ் காற்றை விடக் கனம், கீழேயே தேங்கும். ஏசிக்காக ஜன்னலை அடைத்த தரைத்தள ரூமில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வேட்பாளர் மூவரில் யாராவது, உரிமத்துக்கு முன் மின் பாதுகாப்புச் சான்று கேட்போம் என்றாரா? அது முழுக்க மாநகராட்சி நிபந்தனையாகப் போடக்கூடிய ஒன்று.

---

ஆற்காடு ரோடு பதில்:

நோயாளி பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. அவர்களுக்கு இங்கே ஓட்டில்லை, அதனால் எந்த நோட்டீஸிலும் அவர்கள் வரமாட்டார்கள்.

குறுகிய கால வாடகை என்றால் எத்தனை நாள்? வெளியூர்களில் 30 நாள் என்று கோடு போடுகிறார்கள். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விட்டால் வீட்டுக்காரரும் கூடவே தங்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. அது சுற்றுலாக்காரர்களால் உள்ளூர் வாடகை ஏறுகிற ஊருக்குப் போட்ட சட்டம். அதை அப்படியே இறக்கி வேலூரில் ஒட்ட முடியாது.

இங்கே வருகிறவருக்கு எத்தனை நாள் தங்குவோம் என்பது வந்த அன்று தெரியாது. முதல் டாக்டரைப் பார்க்க மூன்று நாள், டெஸ்ட் ரிசல்ட்டுக்கு இன்னும் நாலு நாள், பிறகு ஆபரேஷன் தேதி. ரேடியேஷன் என்றால் வாரத்தில் ஐந்து நாளாக ஐந்தாறு வாரம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே மூன்று மாதம் போல இருக்கச் சொல்வது வழக்கம். கூட்டம் இல்லாத, சுத்தமான, தனிக் கழிவறை உள்ள வீடு அவர்களுக்கு ஆடம்பரமல்ல, தொற்று வராமலிருக்க வேண்டிய சிகிச்சையின் பகுதி. குறைந்தது 30 நாளுக்குத்தான் விட வேண்டும் என்று விதி வந்தால், பத்து நாள் வேலைக்காரர் முப்பது நாள் வாடகை கொடுப்பார். அதிகபட்சம் 30 நாள் என்று வந்தால் மஜ்ஜை நோயாளி நடுவில் மூட்டை கட்டுவார்.

அதனால் நாள் கணக்கை வைத்துக் கோடு போடாமல், நடத்துகிறவர் யார், எத்தனை ரூம் என்பதை வைத்துப் போடுவதே சரி. இதற்கு மாதிரி நம்மிடமே இருக்கிறது. மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு ரூம் வரைதான், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். கீழே குடியிருந்து மேலே ரெண்டு ரூம் விடும் விதவை அம்மாவும், மூன்று மாடி வீட்டை மொத்தமாக லீசுக்கு எடுத்து பலகை அடித்து ரூம் ரூமாகப் பிரித்து விடுகிற ஆளும் ஒரே தட்டில் வரக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பேசாத வேட்பாளருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே கலக்கிறார்.

நாள் கணக்கு முக்கியமாகிற ஒரே இடம் ஜிஎஸ்டி. 2024 ஜூலையிலிருந்து ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை. விஐடி பல்கலைக்கழகம் பக்கம் காட்பாடியில் உள்ள ஹாஸ்டல்களுக்கு இது உதவும், நம் தினவாடகைக்கு உதவாது. தினவாடகையில் வருடத்துக்கு 20 லட்ச ரூபாய்க்குள் வரவு என்றால் பதிவே வேண்டாம். தாண்டினால், 7,500 ரூபாய் வரையான ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5%.

---

பாலாற்றுக்கரை பதில்:

வெளிநாட்டவர் விஷயத்தில் எல்லா வேட்பாளரும் ஆளுக்கொரு வீரவசனம் பேசுகிறார்கள். வார்டு ஆபீஸில் பதிவு செய்ய வைப்பேன் என்பதும் அதில் ஒன்று. தேவையில்லாத வேலை. பணம் வாங்கிக்கொண்டு தங்க இடம் கொடுக்கிற யாராக இருந்தாலும், லாட்ஜோ வீடோ, வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் சி படிவம் என்றுதான் சொல்கிறோம். 2025 செப்டம்பர் 1 முதல் இதற்கு அடிப்படை குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025. மாவட்டத்தில் பொறுப்பு எஸ்பி ஆபீஸ். கவுன்சிலருக்கு இதில் இடமே கிடையாது.

தவறுகள் எங்கே நடக்கின்றன என்றால்: நோயாளிக்கு மட்டும் போட்டுவிட்டு கூட வந்த அட்டெண்டரை விட்டுவிடுவது. ஆளுக்கு ஒரு படிவம் போட வேண்டும். ரூம் மாறினால் பழைய வீட்டுக்காரர் போட்டது செல்லும் என்று நினைப்பது; புது வீட்டுக்காரர் மறுபடி போட வேண்டும். விசா எண்ணுக்குப் பதில் பாஸ்போர்ட் எண்ணை அடிப்பது. புரோக்கர் போட்டுவிடுவார் என்று விட்டுவிடுவது, பொறுப்பு வீட்டுக்காரருடையது. அட்வான்ஸுக்குப் பதிலாக பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைக்கிற பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும், நகல் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வங்காளம் பேசினாலே வெளிநாட்டவர் இல்லை. மேற்கு வங்கம், திரிபுரா, அசாமின் பராக் பள்ளத்தாக்கு, ஜார்க்கண்ட் என்று நம் நாட்டவர்தான் பெரும்பகுதி. அதிலும் 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வங்கதேசத்தில் இந்திய விசா கொடுப்பது சுருங்கியதில் அங்கிருந்து வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்தியருக்கு ஆதார் அல்லது வாக்காளர் அட்டை நகலும் ரெஜிஸ்டரில் கையெழுத்தும் போதும். இதை வைத்து ஓட்டு அறுவடை செய்யப் பார்க்கிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

---

அறுபதில் ஒன்று பதில்:

விவரமெல்லாம் சரி. ஜெயித்தவர் இதை எப்படி நடத்துவார் என்று யாரும் பேசவில்லை.

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டு, 4 மண்டலம். தீர்மானம் நிறைவேற, எல்லாரும் வந்திருந்தால், 31 கை தூக்க வேண்டும். மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சிஎம்சி-யைச் சுற்றித் தினவாடகை நெருக்கமாக உள்ள வார்டுகள் கைவிட்டு எண்ணக்கூடியவை. மீதிப் பேருக்கு இது தலைவலியே இல்லை. எனவே முதல் கேள்வி: மற்ற வார்டு ஆட்களை எப்படிச் சேர்ப்பீர்கள்? இதற்கு ஒரு வழி உண்டு. காட்பாடி பக்கத்துக் கவுன்சிலர்களுக்கு மாணவர்கள் பிளாட் எடுத்துத் தங்குவது, பிஜி (பணம் கட்டித் தங்கும் வீடுகள்), பார்க்கிங் என்று தனிச் சிக்கல் இருக்கிறது. பெண்கள் ஹாஸ்டலுக்கு 2014-ம் வருடச் சட்டப்படி கலெக்டர் உரிமம் தனி. ஆனால் குப்பை, தண்ணீர், தீப் பாதுகாப்பு இரண்டு பக்கத்துக்கும் பொது. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கட்டத் தெரிந்தவர்தான் எதையாவது செய்து முடிப்பார்.

இரண்டாவது, வேட்புமனுவோடு கொடுக்கிற சொத்து விவரப் பிரமாணத்தைப் படியுங்கள். வேட்பாளர் பெயரிலோ மனைவி, கணவர் பெயரிலோ வாடகைக் கட்டடம் இருக்கிறதா? இருப்பது குற்றமில்லை. லாட்ஜ் வைத்திருப்பவர் வீட்டு ரூம்களை மூடச் சொன்னால் காரணம் என்ன என்று புரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர் மறுபடி நின்றால், இதைப் பற்றி மாமன்றத்தில் ஒருமுறையாவது எழுந்து பேசினாரா என்று பாருங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டுக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு போட்டால் ஓட்டுப் போடுவதற்குள் கிடைக்காது, இப்போதே போடுங்கள். 2022 விதிப்படி வார்டுக் குழு, பகுதி சபா இரண்டும் இருக்கின்றன. உங்கள் வார்டில் அவை கூடினவா, தினவாடகை அங்கே எழுந்ததா என்பதையும் அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.

---

ரத்தினகிரி ரோடு பதில்:

சின்னக் குறுக்கீடு. 2022-ல் சிஎம்சி-யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு கீழ்மின்னல், ரத்தினகிரி பக்கமும் ரூம்கள் முளைத்துவிட்டன. அங்கே மாநகராட்சி வேட்பாளர் பேசுவது எதுவும் செல்லாது. அது ராணிப்பேட்டை மாவட்டம், ஊராட்சி எல்லை, சட்டமும் 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டம். வேலூர், ராணிப்பேட்டை போலப் பிரிந்த மாவட்டங்களுக்கு ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது, அந்தக் கணக்கும் தனி. ஊராட்சித் தலைவருக்கு நிற்பவரிடம் செப்டிக் டேங்க் பற்றிக் கேளுங்கள். பாதாளச் சாக்கடை கிடையாது. ஒரு குடும்பத்துக்குத் தோண்டிய டேங்க்கின் மேல் எட்டு ரூம் ஏற்றினால், திடக்கழிவு தங்கிப் படிய நேரமில்லாமல் தண்ணீரோடு வெளியே ஓடும். பக்கத்துக் கிணறும் போர்வெல்லும்தான் அதை வாங்கும்.

---

தோட்டப்பாளையத்தான்:

எல்லாருக்கும் நன்றி. இன்று இரண்டாமவரிடம் (லைசென்ஸ், உச்சவரம்பு) பேசினேன். உச்சவரம்பு முடியாது என்பதை ஒத்துக்கொண்டு, வாடகைப் பலகைக்கு இறங்கி வந்தார். வீட்டோடு இருப்பவருக்குச் சின்ன கட்டணம், லீஸ் ஆளுக்குப் பெரிய கட்டணம் என்று இரண்டு தட்டு உரிமம் என்பதையும் எழுதிக்கொண்டார். மூடுகிறவர் பிடி கொடுக்கவில்லை. குப்பையில் ஊசி வருவதற்கு உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதச் சொல்வது?

---

வரிச்சீட்டு:

ரூமுக்கு ஒரு கனமான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு, வீட்டுக்காரரே வைக்க வேண்டும். காலி தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துக்கொண்டு வெளியே வரும். பினாயில், ஆசிட் கேன் மாதிரி தடித்தது. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி மாட்டக் கூடாது, அப்படியே உள்ளே போட வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று எழுத வேண்டும். டயப்பர், கட்டுத்துணி தனிப் பொட்டலம். மக்கும் குப்பையில் இரண்டும் சேரவே கூடாது, நம் ஊரில் அதைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.

நிபந்தனையில் இதோடு நிறுத்திவிட்டால் பாட்டில் ரூமிலேயே கிடக்கும். எந்தக் கிழமை, எந்த வண்டி எடுக்கும் என்று வார்டு சுகாதார ஆய்வாளர் எழுத்தில் தர வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த வண்டிக்கே ஒதுக்கினால் மாமன்றத்தில் பணம் இல்லை என்ற பேச்சு எழாது.